ஒரே கேச்சில் இரண்டு கொக்குவில்

கடந்த வியாழக்கிழமை பின்னேரம் கடைசிச் சோதனையும் தேறியது. ஒருமுறை வாங்கிய பதிலை நினைவகத்தில் வைத்துத் திரும்பத் தரும் சின்ன கேச் லைப்ரரி ஒன்றை சி மொழியில் எழுதினேன். அது இப்போது சித்தப்பாவின் கடையில் காலை எட்டு மணியிலிருந்து இரவு வரை ஓடுகிறது. லைப்ரரி 412 வரி. அதைச் சோதிக்கும் நிரல் 690 வரி. பதினொரு பின்னேரங்கள் எடுத்தது. அதில் கேச்சை எழுதப் போனது மூன்றுதான், மிச்சம் எட்டும் சோதனைக்கே போயின. மறுபடி செய்தாலும் அதே கணக்கில்தான் நேரத்தைப் பிரிப்பேன்.

சித்தப்பா யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட, பொதிகளை வாங்கி ஊர்களுக்கு அனுப்பும் சிறிய கடை வைத்திருக்கிறார். ஊர்ப் பெயரைக் கொடுத்தால், கட்டணம் எவ்வளவு, எந்த வண்டியில் போகும் என்ற விவரம் கொழும்பில் உள்ள ஒரு கணினியிலிருந்து வரும். டொங்கிள் வழியாகப் போய்வர சராசரியாக 1.4 விநாடி. மழை பெய்தால் ஆறு, ஏழு விநாடியும் ஆகும். ஒரு நாளின் பதிவை எடுத்துப் பார்த்தேன். 286 கேள்விகள் போயிருந்தன, ஆனால் ஊர்கள் எழுபத்துச் சொச்சம்தான். மானிப்பாய், சுன்னாகம், நெல்லியடி என்று அதே பெயர்கள் திரும்பத் திரும்ப. ஒருமுறை கேட்டு வாங்கிய பதிலை நினைவகத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

மெம்கேஷ்ட் என்ற கேச் மென்பொருள் இருக்கிறதே என்று கேட்கலாம். 2003இல் லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளத்துக்காக பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் எழுதியது அது, பல கணினிகள் பகிர்ந்துகொள்வதற்கு நல்ல கருவி. ஆனால் அது தனிச் செயலியாக ஓடும், பொதுவாக நெட்வொர்க் இணைப்பு வழியாகப் பேசும். எனக்கு வேண்டியது ஒரே நிரலுக்குள் இருக்கும் ஒரு பெட்டி. அதற்கு இன்னொரு செயலியை நிறுவி, அது ஓடுகிறதா என்று கண்காணிப்பது தேவையில்லாத சுமை.

கடையில் இருப்பது ராஸ்பெரி பை 3 என்ற பழைய சிறிய கணினி (இனி வெறும் பை), 1 ஜிபி நினைவகம், 32 பிட் இயங்குதளம். எழுதியதும் சோதித்ததும் என் மடிக்கணினியில், 64 பிட் லினக்ஸ். நிரலைக் கட்டும் ஜிசிசி, தவறு தேடும் ஜிடிபி, நினைவகப் பிழை பிடிக்கும் வால்கிரைண்ட் எல்லாம் இலவசம். புதிதாக வாங்கியது 32 ஜிபி எஸ்டி கார்ட் ஒன்றுதான், 2,400 ரூபாய். பழைய கார்டை அப்படியே கழற்றி வைத்துவிட்டுப் புதியதில் வேலை செய்ததால், ஏதாவது பிழைத்தால் இரண்டு நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்ப முடிந்தது.

அமைப்பு எளியதுதான். பெயரை வைத்து உடனே கண்டுபிடிக்க 256 பெட்டிகள் கொண்ட ஹாஷ் அட்டவணை: பெயரிலிருந்து ஒரு எண்ணை (ஹாஷ்) கணக்கிட்டு, அதற்குரிய பெட்டியில் மட்டும் தேடும். கடைசியாக எது தொடப்பட்டது என்று வரிசை பேண இருபுறமும் இணைந்த பட்டியல். இடம் நிரம்பினால் பட்டியலின் வாலில் இருப்பது வெளியேறும். ஒவ்வொரு பதிவிலும் ஐந்து சுட்டிகள் (நினைவகத்தில் ஓர் இடத்தின் முகவரி), மூன்று 4 பைட் எண்கள், 8 பைட்டில் காலாவதி நேரம். மடிக்கணினியில் இது 64 பைட், பையில் 40 பைட். 128 பதிவுகளுக்கு, பெயரும் பதிலும் சேர்த்தே, 15 கிலோபைட்டைத் தாண்டவில்லை.

128 இடம் இருந்தால் ஒரு நாளில் எதுவும் வெளியேறவே தேவையில்லை. அதனாலேயே சோதனையில் கொள்ளளவை 1, 2, 3 என்று வைத்தேன். கடையில் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கக்கூடிய தவறு, கொள்ளளவு 2 என்றால் மூன்றாவது வரியிலேயே வெளியே வந்துவிடும்.

வந்தது. இரண்டு ஊர்களைப் போட்டு, கடைசியாகப் போட்டதையே மறுபடி எடுத்து, பட்டியலை அச்சிடச் சொன்னேன். திரை முழுக்க "நல்லூர்" என்றே ஓடியது, நிற்கவில்லை. பட்டியலின் தலையில் இருப்பதையே மறுபடி தலைக்கு நகர்த்தும்போது, முதலில் கழற்றும் இடத்தில் தலைச் சுட்டியை அடுத்ததற்கு மாற்ற மறந்திருந்தேன். அதனால் நல்லூரின் அடுத்தது நல்லூரே ஆகிவிட்டது. ஒரு வரி சேர்த்ததும் சரி.

அடுத்த தவறு இதைவிட ஆழமானது. கேச்சிலிருந்து எடுக்கும் கெட் செயற்கூறு, உள்ளே இருக்கும் பதிலின் சுட்டியை அப்படியே திருப்பிக் கொடுத்தது. நகல் எடுக்கத் தேவையில்லை, வேகம் என்று நினைத்தேன். நல்லூருக்கு ஒரு சுட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, அது வெளியேறும்வரை வேறு ஊர்களைப் போட்டு, பிறகு அந்தச் சுட்டியை அச்சிட்டேன். கோப்பாயின் கட்டணம் வந்தது. நிரல் விழவில்லை, எச்சரிக்கையும் இல்லை. விடுவிக்கப்பட்ட துண்டை, நினைவகம் ஒதுக்கும் மால்லாக் எடுத்து கோப்பாயின் பதிலுக்குக் கொடுத்திருக்கிறது. ஒருவரின் பொதிக்கு இன்னொரு ஊரின் விலையைப் போட்டு, அதை யாரும் கவனிக்காமலேயே விட்டிருப்போம் என்று நினைக்க எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

நினைவகப் பிழையைக் காட்டும் ஆட்ரஸ் சானிடைசரை இயக்கி நிரலைக் கட்டியதும் (கம்பைல் செய்ததும்), விடுவித்த இடத்தைத் தொடுகிறாய் என்று நிரலை அந்த இடத்திலேயே நிறுத்தி, எந்த வரியில் விடுவிக்கப்பட்டது, எந்த வரியில் தொடப்பட்டது என்று இரண்டையும் காட்டியது. நிரலின் ஓட்டம் ஏறத்தாழ இரண்டு மடங்கு மெதுவாகும், அவ்வளவுதான். வால்கிரைண்ட் பல பத்து மடங்கு மெதுவாக்கும், ஆனால் மீண்டும் கட்டத் தேவையில்லை. இரண்டையும் ஒன்றாக ஓட்ட முடியாது, தனித்தனியாகத்தான் ஓட்ட வேண்டும். இப்போது கெட், அழைப்பவர் கொடுக்கும் இடத்தில் பதிலை நகலெடுத்துத் தருகிறது. இடம் போதாவிட்டால் எத்தனை பைட் வேண்டும் என்று சொல்கிறது. நகலெடுத்தும், பையில் 1 லட்சம் கெட் 0.09 விநாடியில் முடிகிறது. 1.4 விநாடி காத்திருந்த இடத்தில் நான் மிச்சம் பிடிக்க நினைத்த நேரம் ஒன்றுமே இல்லை.

இடையில் ஒரு பின்னேரம் வீணாகப் போனது. சோதனைகளை எல்லாம், சொன்னது பொய்யானால் நிரலை நிறுத்தும் அசெர்ட் கொண்டு எழுதியிருந்தேன். வேகம் பார்க்கலாம் என்று உச்ச மேம்பாட்டுடன் கட்டியபோது, கட்டும் கட்டளைகள் உள்ள பழைய மேக்ஃபைல் ஒன்றிலிருந்து எடுத்த வரியில் என்டீபக் அமைப்பும் கூடவே வந்துவிட்டது. அது இருந்தால் அசெர்ட் வரிகள் முழுவதும் காணாமல் போகும். அசெர்ட்டுக்குள்ளேயே, கேச்சில் போடும் புட் அழைப்புகளையும் வைத்திருந்தேன், அவையும் போயின. எல்லாச் சோதனையும் கண் இமைக்கும் நேரத்தில் தேறின, ஏனென்றால் எதுவுமே ஓடவில்லை. பிறகு எனக்கென்று ஒரு சிறிய மேக்ரோ எழுதினேன். அது கடைசியில் எத்தனை சரிபார்ப்புகள் நடந்தன என்று எண்ணிச் சொல்லும். இன்றைய எண்ணிக்கை 1,846. அது குறைந்தால் நின்று பார்ப்பேன்.

நினைவகம் கிடைக்காத நிலையையும் சோதித்தேன். மால்லாக்கை ஒரு உறைக்குள் வைத்து, முதல் தடவை, இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை என்று வேண்டுமென்றே தோற்கச் செய்தேன். மூன்றாவதில் ஒரு நினைவகக் கசிவு இருந்தது, அடைத்தேன்.

எனக்கு அதிகம் பிடித்த சோதனை, முட்டாள்தனமான ஒரு இரட்டையோடு ஒப்பிடுவது. ஹாஷும் இல்லை, சுட்டியும் இல்லை. வெறும் வரிசையில் ஒவ்வொன்றாகத் தேடும் இன்னொரு கேச்சை முப்பது வரியில் எழுதினேன். இரண்டுக்கும் ஒரே மாதிரி 1 லட்சம் குருட்டாம்போக்குக் கட்டளைகளைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்குப் பிறகும் பதில்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். குருட்டாம்போக்கு வரிசையைத் தொடங்கும் விதை எண்ணை அச்சிட்டால் அதே தவறை மறுபடி வரவழைக்கலாம். இது ஒரு நல்ல தவறைப் பிடித்துத் தந்தது. கேச் நிரம்பியிருக்கும்போது ஏற்கெனவே இருக்கும் ஊருக்குப் புது விலை போட்டால், இடம் தேவையே இல்லாமல் வேறொரு ஊர் வெளியேறியது. கையால் எழுதும் சோதனையில் எனக்கு இது தோன்றியிருக்காது.

காலாவதிக்கு ஆறு மணி நேரம் வைத்தேன். முதலில் சாதாரண நாட்காட்டி நேரத்தை வைத்துக் கணக்கிட்டேன். ஆனால் பை 3இல் மின்சாரம் இல்லாதபோது நேரம் பேணும் கடிகாரம் கிடையாது. கறண்ட் போய் வந்தால் பழைய நேரத்தில் எழும்பும், இணைப்பு கிடைத்த பிறகுதான் சரியான நேரத்துக்குத் தாவும். ஒரு நாள் காலை கறண்ட் வந்ததும் வேலை தொடங்கி, பத்துப் பதினைந்து ஊர்கள் கேச்சில் சேர்ந்த பிறகு நேரம் தாவியது. எல்லாப் பதிவும் ஒரே நொடியில் காலாவதியாயின. பின்னோக்கித் தாவியிருந்தால் பழைய விலை அளவுக்கு மீறி உயிரோடிருந்திருக்கும். இப்போது முன்னோக்கி மட்டுமே ஓடும் மானோடோனிக் கடிகாரத்தைப் பயன்படுத்துகிறேன். கடிகாரத்தை வெளியிலிருந்து கொடுக்கும் செயற்கூறாகவும் ஆக்கிவிட்டேன். அதனால் சோதனையில் ஆறு மணி நேரம் என்பது ஒரு எண்ணைக் கூட்டுவதுதான். முன்பு இரண்டு விநாடி தூங்கி எழுந்து பார்க்கும் சோதனைகள் எழுதியிருந்தேன். அவற்றை எல்லாம் கழித்ததும் மொத்த ஓட்டம் 41 விநாடியிலிருந்து 1 விநாடிக்குள் வந்தது.

பைக்கு மாற்றிய அன்று ஒரு சோதனை மட்டும் விழுந்தது. ஹாஷுக்கு எஃப்என்வி-1ஏ முறையை எடுத்திருந்தேன். 2166136261 என்ற எண்ணில் தொடங்கி, ஒவ்வொரு பைட்டையும் எக்ஸ்ஓஆர் (பிட் பிட்டாக ஒப்பிடும் கணக்கு) செய்து, 16777619 ஆல் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். ஆங்கிலச் சிறிய எழுத்து ஏயை மட்டும் கொடுத்தால் 3826002220 வர வேண்டும், இரண்டு இயந்திரத்திலும் வந்தது. "யாழ்ப்பாணம்" என்ற சொல்லுக்கு மடிக்கணினியில் கிடைத்த எண்ணையும் எதிர்பார்க்கும் விடையாக எழுதி வைத்திருந்தேன். பையில் வேறு எண் வந்தது.

காரணம், என் நிரலில் எழுத்துகளை வெறும் சார் வகையாக வாசித்தேன். மடிக்கணினியில் அது கூட்டல், கழித்தல் குறி உள்ள எண், பையில் குறி இல்லாதது. யூனிகோட் எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8இல் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட், எல்லாமே 127ஐத் தாண்டியவை. "க" என்பது 224 174 149. அதை மடிக்கணினி -32 -82 -107 என்று வாசிக்கிறது, மேல் பிட்கள் எல்லாம் கலங்கிவிடுகின்றன. ஆங்கில எழுத்துகளில் இது ஒருபோதும் தெரியாது. எஃப்என்வி வரையறைப்படி குறி இல்லாததே சரி. அதாவது பை சரி, தவறு என் மடிக்கணினியில் பதிந்த விடையில்.

ஹாஷ் வேறானாலும் பெட்டி ஏன் மாறவில்லை என்று யோசித்தேன். 256 பெட்டிகளுக்கு ஹாஷின் கடைசி 8 பிட் மட்டும் போதும். எக்ஸ்ஓஆரும் பெருக்கலும் கீழ் 8 பிட்டை மேலிருந்து தொடுவதில்லை, ஆகவே இரண்டு இயந்திரத்திலும் ஒரே பெட்டிதான். முழு எண்ணைச் சோதிக்காமல் விட்டிருந்தால் இது தெரிந்தே இருக்காது. பைட்டை வாசிக்கும் இடமெல்லாம் குறி இல்லாத அன்சைன்ட் சார் என்று மாற்றினேன்.

எல்லாம் தேறிவிட்டது என்று கடையில் வைத்தேன். நான்காவது நாள் சித்தப்பா கூப்பிட்டார்.

"தம்பி, கொக்குவிலுக்கு 400 ஆக்கிப்போட்டாங்கள். நான் பழசை அழிச்சிட்டன். புது ஆக்களுக்குச் சரியா 400 வருது. வாடிக்கைக்காரருக்கு இன்னும் 350 எண்டுதான் காட்டுது."

"சுன்னாகத்துக்கும் அப்பிடியோ சித்தப்பா?"

"இல்லை, அது சரி. கொக்குவிலும் கோண்டாவிலும்தான் இப்பிடி."

அதற்குள் மூன்று பற்றுச்சீட்டு குறைந்த விலையில் போயிருந்தது, 150 ரூபாய். தொகை சிறிது. ஆனால் அழி என்று சொன்ன பிறகும் அழியாத கேச்சை நம்பிக் கடை நடத்த முடியாது.

கேச்சில் இருக்கும் பெயர்களை எல்லாம் பைட் நீளத்தோடு அச்சிட்டேன். கொக்குவில் இரண்டு தடவை இருந்தது. திரையில் ஒரு புள்ளி வித்தியாசமும் இல்லை. ஒன்று 30 பைட், மற்றது 33 பைட். பைட்டுகளை வரிசையாகப் பார்த்ததும் விளங்கியது. ஒன்றில் "கொ"வின் உயிர்க்குறி ஒரே குறியாக, 224 175 138 என்று இருந்தது. மற்றதில் கொம்பு தனியாக 224 175 134, அதன் பின் கால் தனியாக 224 174 190. எழுத்துரு இரண்டையும் ஒரே மாதிரி வரைகிறது. ஹாஷுக்கும் பைட் ஒப்பீட்டுக்கும் அவை இரண்டு வேறு ஊர்கள்.

இரண்டாவது வடிவம் எங்கிருந்து வந்தது என்பதும் உடனே தெரிந்தது. வாடிக்கையாளர் பதிவேடு பல வருடங்களாக, யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டது. இங்கே பழைய கோப்புகளில் பெரும்பகுதி அப்படித்தான். பாமினியில் "கொ" அடிக்க முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று மூன்று விசை. அதை யூனிகோடுக்கு மாற்றும் சிறிய நிரலை முன்பு நானே எழுதிக் கொடுத்திருந்தேன். அது கொம்பைக் க-வுக்குப் பின்னால் நகர்த்தியது, ஆனால் கொம்பையும் காலையும் ஒன்றாக்கவில்லை. கடைக்கு நேரே வருபவர்களின் ஊரைச் சித்தப்பா யூனிகோட் விசைப்பலகையில் அடிக்கிறார், அதில் ஒரே குறி. அவர் அழித்தது அந்தக் கொக்குவிலை. பதிவேட்டுக் கொக்குவில் ஆறு மணி நேரம் பழைய விலையோடு உள்ளேயே இருந்தது.

அந்த 286 கேள்விகளைக் காலாவதியை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தேன். 78 தடவை கேச்சில் இல்லை என்று வந்தது. உண்மையில் ஊர்கள் 71. கூடுதல் ஏழும் கொக்குவில், கோண்டாவில், கோப்பாய், கொடிகாமம், கொழும்புத்துறை, தொண்டைமானாறு, பொலிகண்டி. ஒகரமோ ஓகாரமோ இல்லாத ஒரு பெயரும் அதில் இல்லை. வேகத்தில் இது சின்ன இழப்பு, ஏழு கேள்விதான் கூட. அதனால்தான் வேக அளவீட்டில் எனக்கு இது கண்ணில் படவில்லை.

திருத்தத்தை முதலில் லைப்ரரிக்கு உள்ளேயே வைத்தேன், மறுநாள் வெளியே எடுத்தேன். கேச்சுக்குப் பெயர் என்பது பைட்டுகளின் தொடர் மட்டுமே. அது தமிழ் படிக்கத் தொடங்கினால், நாளை வேறு தேவைக்கு எடுக்கும்போது என்ன மாற்றுகிறது என்று யாருக்கும் புரியாது. இப்போது கேச்சுக்கு முன்னால் ஒரு சிறிய செயற்கூறு நிற்கிறது. கொம்பும் காலும் அடுத்தடுத்து வந்தால் 224 175 138. இரட்டைக் கொம்பும் காலும் வந்தால் 224 175 139. கொம்புக்குப் பின் ஔகாரத்தின் நீளக்குறியான 224 175 151 வந்தால் 224 175 140. யூனிகோட் தன் என்எஃப்சி என்ற ஒன்றாக்கிய வடிவத்தில் சொல்வதும் இதைத்தான். 6 பைட் 3 ஆவதால் வந்த இடத்திலேயே சுருக்கிவிடலாம், புதிய நினைவகம் வேண்டாம். மொத்தம் 28 வரி. மறுபடி ஓட்டியபோது 71 தான் வந்தது.

கௌதாரிமுனை மட்டும் மீதி. ஔகாரத்துக்குப் பதில் கொம்பும் "ள"வும் போட்டு "கெளதாரிமுனை" என்று பலர் அடிக்கிறார்கள், பார்வைக்கு அதுவும் ஒன்றுதான். இதையும் தானாக மாற்றலாம் என்று கை போனது. ஆனால் அப்படி மாற்றினால் கெளுத்தி மீனின் "கெளு" உடைந்துவிடும். ஆகவே இதற்கு விதி எழுதவில்லை. தவறான வடிவத்தையும் சரியான ஊரையும் இணைக்கும் ஒரு சிறிய கோப்பு வைத்தேன். இப்போது அதில் மூன்று வரிகள் உள்ளன.

அடுத்த முறை, முதல் நாளே சோதனைப் பெயர்களைத் தமிழில் எழுதுவேன். நான் தொடக்கத்தில் கீ1, கீ2 என்று ஆங்கில எழுத்தில் வைத்த பெயர்களில் கடைசி இரண்டு தவறும் வரவே வழியில்லை. மாவட்டத்தில் 435 கிராம அலுவலர் பிரிவுகள் உள்ளன. அந்தப் பெயர்களை இரண்டு வடிவத்திலும் ஒரு கோப்பில் போட்டு, ஒன்றால் போட்டு மற்றதால் எடுக்கும் சோதனையாகச் சேர்த்துவிட்டேன். அத்தோடு, முதல் பின்னேரமே பையிலும் ஓட்டிப் பார்ப்பேன், பத்தாவது நாள்வரை காத்திருக்க மாட்டேன். பாமினி மாற்றும் நிரலையும் திருத்தியாயிற்று. பழைய பதிவேட்டை இன்னும் மறுபடி மாற்றவில்லை, முன்னால் நிற்கும் செயற்கூறு இருப்பதால் அவசரமில்லை.

அடுத்த மாதம் சாவகச்சேரியிலும் ஒரு பை வைக்கச் சித்தப்பா கேட்டிருக்கிறார். அங்கே முதலில் அடிக்கப் போவது கொடிகாமம்.